புன்னைக்குக் கட்டிய பாய்மரக் கயிறு

எனக்கு உட்கார்ந்து பேச வராது. நடந்துகொண்டே சொல்கிறேன், கூடவே வாருங்கள். வழியில் நான் குனிந்து எதையாவது பிடுங்கினாலோ கிள்ளினாலோ கண்டுகொள்ளாதீர்கள். வேலையை விட்டாயிற்று, முழங்காலும் போயிற்று, கை மட்டும் இன்னும் வேலையை விடவில்லை.

இந்தத் தோட்டம் பழவேற்காட்டுக் கோட்டையில் இருக்கும் ஒல்லாந்தருடையது. மண்ணில் கை வைப்பவர்கள் எல்லாரும் நம்மவர்கள். நீங்கள் வந்த அன்றே கத்தியும் கையுமாகத் தோட்ட வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். என்னைத் தண்ணீர் சுமக்கத்தான் சேர்த்தார்கள். நான் தோணிரேவுக்காரி. எங்கள் ஊரில் ஆண்கள் மீன் பிடிப்பார்கள், பெண்கள் கருவாடு காயவைப்பார்கள். கருவாடு காயவைப்பது என்றால் வேறொன்றுமில்லை, மீனை மணலில் பரப்பிவிட்டு, ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை உட்கார்ந்து காக்கை விரட்டுவது. எனக்கு அந்த உட்காருவதுதான் ஒத்துவரவில்லை. "காக்காகூட ஒரு நாழி குந்துது, இவ குந்த மாட்டேன்றா" என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். போதுமடா சாமி என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். தண்ணீர் சுமந்தேன், பாத்தி கட்டினேன், பிறகு கத்தி பிடித்தேன். கடைசியில் தோட்டமே என் கையில் வந்தது.

எருப் போடுவது, பதியன் வைப்பது எல்லாம் போகப்போகக் கை பழகிவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்ல நினைத்தது ஒரு மரத்தைப் பற்றி. தோட்டத்தின் கோடியில், ஏரிக்கரை மணல்மேட்டின்மேல் கருகருவென்று ஒன்று நிற்கிறதே, அந்தப் புன்னை. வருகிறவர்கள் எல்லாரும் "என்ன நேராக வளர்ந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது தானாக வளர்ந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் அந்த இடத்தில் ஒரு ஒற்றைப் பனை இருந்தது. கடலிலிருந்து ஏரிக்குள் வர முகத்துவாரம் ஒன்றுதான் வழி. அதன் இரண்டு பக்கமும் தண்ணீருக்கு அடியில் மணல்திட்டு. நடுவில் மட்டும் ஒரு தோணி போகிற அளவுக்கு ஆழம் உண்டு. அந்த ஆழத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, கரையில் இருக்கும் இரண்டு அடையாளங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முன்னால் மேட்டுப் பனை, பின்னால் கோட்டைக் கொடிமரம். கடலிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் நின்றால் தைரியமாக உள்ளே வரலாம். கோடு விலகினால் திட்டு.

அந்தப் பனையில் இடி விழுந்தது. கருகி நின்று, அடுத்த காற்றில் சாய்ந்தது. ஊர்க்காரர்கள் அங்கே ஒரு கம்பை நட்டார்கள். கரையெல்லாம் தோணிகளின் பாய்மரமும் வலை உலர்த்தும் கம்பும் காடாக நிற்கும்போது, அதில் அடையாளக் கம்பு எது என்று எவனுக்குத் தெரியும்? அந்த மழைக்காலத்திலேயே ஒரு தோணி திட்டில் ஏறிக் கவிழ்ந்தது. எங்கள் தெருவில் இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. இரண்டு வீட்டு ஒப்பாரியும் என் வீட்டு வாசலில் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஊர் திரண்டு தோட்டத்துக்கு வந்தது, கம்பு வேண்டாம், மரம் வேண்டும் என்று.

அப்போது இங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்தவரை மேஸ்திரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். உள்நாட்டில் நெல் விளைகிற ஊர்க்காரர். தோணியில் கால் வைத்ததே கிடையாது, முழங்கால் தண்ணீரைக் கண்டாலே முகம் வெளுத்துவிடும். ஆனால் கடல்காரர்களுக்கு என்ன மரம் வேண்டும் என்று அவர்தான் சொன்னார். "புன்னைய வெய்யி. இலை உதிராது, உப்புக் காத்துக்குச் சாவாது. வெள்ளை மணலுக்கு மேல எப்பவும் கருப்பா தெரியும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா அதுக்கு நேரா நிக்கிற புத்தி மட்டும் கெடையாது. நீதான் குடுக்கணும்."

நேராக நிற்க வேண்டும் என்பது அழகுக்காக இல்லை. கோட்டைத் துரைக்கு வேண்டுமானால் அழகு. அவருக்குத் தோட்டத்து மரங்களெல்லாம் சிப்பாய் மாதிரி வரிசையில் நிற்க வேண்டும். எங்களுக்கு விஷயம் வேறு. சாய்ந்து வளரும் மரத்தின் தலை வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். போன வருஷம் இருந்த கோடு இந்த வருஷம் இருக்காது. அதை நம்பி வருகிறவன் திட்டில்தான் போய் ஏறுவான். என் தம்பி கடலுக்குப் போகிறவன். அதனால் அந்த மரம் எனக்கு வெறும் மரமாக ஒருநாளும் இருந்ததில்லை.

காட்டுப்பள்ளிப் பக்கத்து மணல்காட்டிலிருந்து கன்று கொண்டுவந்து வைத்தோம். என் மகள் பால்குடி மறந்த சமயம். இடுப்பளவு வளர்ந்ததும் இரண்டாகக் கிளைத்தது. ஒன்று தடியாக, கொழுகொழுவென்று, தெற்கே சாய்ந்து. இன்னொன்று நோஞ்சான், ஆனால் நேர்மேலே. மேஸ்திரி கத்தியை என் கையில் கொடுத்தார். நான் இதைப் பார்த்தேன், அதைப் பார்த்தேன், மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கொழுத்ததை வெட்ட மனசு வரவில்லை.

"ரெண்டையும் வெச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தலை வெச்ச மரம் நடுவுல பொளந்துடும். இன்னிக்கு எது பெருசுனு பாக்காத. எது எங்க போவுதுனு பாரு."

கொழுத்ததை வெட்டினேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள், நீங்களும் வெட்டும்போது தெரியும்.

நோஞ்சான் நிமிர்ந்து வந்தது. எனக்கோ பொறுமை இல்லை. சீக்கிரம் உயர வேண்டும், சீக்கிரம் கடலிலிருந்து தெரிய வேண்டும் என்று காலும் கையும் பறந்தன. கீழே இருக்கும் சின்னக் கிளைகளையெல்லாம் கழித்துவிட்டால் சத்தெல்லாம் மேலே போகாதா என்று தினமும் கேட்டேன். துரையும் ஒருநாள் பேச்சை மாற்றிச் சொல்லத் துபாஷியைக் கூட்டிக்கொண்டு வந்து அதையே கேட்டார். மேஸ்திரி துரையிடம் "ஆகட்டும்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, அவர் போனதும் கத்தியை எடுத்து எங்கேயோ ஒளித்துவைத்தார். துரையிடமிருந்து இல்லை, என்னிடமிருந்து. கீழ்க்கிளைதான் அடித்தண்டைத் தடிக்க வைக்கும் என்பது அவர் கணக்கு. மழை முடியும்வரை நான் கத்தி இல்லாமல் சுற்றினேன். நகத்தால் கிள்ளக்கூடாது என்றும் சொல்லியிருந்தார், அவருக்கு என்னைத் தெரியும்.

ஆள் உயரம் தாண்டியதும்தான் உண்மையான பேஜாரு தொடங்கியது. வாடைக்காற்று வடக்கிலிருந்து அடித்து அடித்து மரத்தைத் தெற்கே தள்ளியது. ஒரு விரல்கடை சாய்ந்தாலும் ஊரில் யாராவது வந்து நின்றுவிடுவார்கள். "இன்னா, சாயுதே? பாத்துக்கினு நிக்கிறியே?" கடைசியில் என் நைனாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

என் அப்பாவை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். தோணிக்குப் பாய்மரம் நிறுத்துவதில் இந்த ஏரி முழுக்க அவரை மிஞ்ச ஆள் இல்லை. பெரிய தோணி எதுவானாலும் அவர் கை படாமல் மரம் ஏறாது. கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டு விரலால் தட்டுவார். வீணைக் கம்பி மாதிரி ஒலித்தால்தான் விடுவார். அவர் நார்க்கயிறும் முளைக்கட்டைகளுமாக வந்தார். புன்னையைத் தோணிப் பாய்மரமாகவே நினைத்து, கிளைக்கூட்டத்துக்குச் சற்றுக் கீழே நாலு பக்கமும் கயிறு கட்டி, இழுத்து முறுக்கி முளையில் சுற்றினார். மரம் தூக்குக்குண்டு விட்டது போல் நிமிர்ந்தது. ஊர் கைதட்டியது.

நான் மட்டும் கைதட்டவில்லை.

"நைனா, இது கட்டை இல்ல. உசிரோட இருக்கிற மரம். கொஞ்சம் ஆடணும். ஆடினாத்தான் அடி தடிக்கும், வேர் புடிக்கும்."

"ஆடினா சாயும். சாஞ்சா உன் தம்பி திட்டுல ஏறுவான். இன்னா சொல்றே?"

மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்க ஊரு மரம், உங்க ஊரு கயிறு. நான் சொன்னா உங்க நைனா கேப்பாரா?" ஊரே அப்பாவின் பக்கம். நான் கத்தினேன், சண்டை போட்டேன், ஒருநாள் முளையைக்கூட உதைத்தேன். கயிறு அசையவில்லை.

மரம் வளர வளர அப்பா ஒவ்வொரு கோடையிலும் வந்து கயிற்றை மேலே ஏற்றிக் கட்டினார். அடையாளம் நன்றாகத்தான் தெரிந்தது. தோணிகள் பத்திரமாக வந்து போயின. தம்பி கரையேறும்போதெல்லாம் "அக்கா, உன் மரம் ஜோரா நிக்குது" என்பான். அதனால் என் பேச்சு எடுபடவில்லை. கிட்டே வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மேலே அவ்வளவு பெரிய தலை, கீழே என் கணுக்கால் அளவுக்குத் தண்டு. கயிறு தாங்கியது, அதனால் மரம் தன்னைத் தாங்கக் கற்றுக்கொள்ளவில்லை. ராத்திரி படுத்தால் அதுதான் கண்ணில் நிற்கும்.

என் மகள் வலை பின்னக் கற்றுக்கொண்ட வருஷம், கார்த்திகை மாதம். விடியும் முன்பே தோணிகள் போய்விட்டன, தம்பியின் தோணியும்தான். வெயில் ஏறியபோது காற்று சட்டென்று நின்றுவிட்டது. ஏரியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நாரையெல்லாம் கூட்டமாக மேற்கே போயின. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலுக்கும் மேட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். பிறகு வடக்கே வானம் கறுத்தது.

மேஸ்திரி அன்று காய்ச்சலில் தோட்டத்துக் கொட்டகையில் படுத்திருந்தார். ஓடிப் போய்ச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உச்சிய வெட்டிடு. பாதிக்குக் கொறைச்சுடு. தலை கனம் போனா மரம் பொழைக்கும். மறு வருஷம் துளுத்துக்கும்."

அவர் சொன்னது தப்பில்லை. மரத்தை மட்டும் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் தம்பி கடலில் இருக்கிறானே! பாதியாக வெட்டிய மரம் கம்புகளுக்கும் பாய்மரங்களுக்கும் மேலே எழும்பித் தெரியாது. மறு வருஷம் துளிர்த்து யாருக்கு வேண்டும்?

மேட்டுக்குத் திரும்பினால் அப்பா வந்திருந்தார், தோளில் இன்னும் இரண்டு கயிற்றுச் சுருளோடு. இருக்கிற கயிற்றை முறுக்கி, மேலும் இரண்டு கட்டி, மரத்தை அசையவிடாமல் பிடித்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். பின்னால் கடலுக்குப் போனவர்களின் பெண்டாட்டிகளும் அம்மாக்களும்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். இரண்டு பேரும் கை தேர்ந்தவர்கள். ஒருவர் வெட்டு என்கிறார், ஒருவர் இறுக்கு என்கிறார். நேரமோ இல்லை. அப்படிப்பட்ட சமயத்தில் யார் சொன்னார் என்று யோசித்தால் மூளை நின்றுவிடும். நான் மரத்தின் கிட்டே போனேன். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கயிற்றுக்குக் கீழே அசையவே இல்லை, கயிற்றுக்கு மேலே தலை மட்டும் துவண்டது. ஒடிந்தால் எங்கே ஒடியும் என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. கயிறு கட்டிய இடத்தில்தான் ஒடியும். அவிழ்த்துவிட்டாலும் ஆபத்து. தானாக நின்றே பழகாத மரம், முதல் நாளே புயலில் நிற்கச் சொன்னால் வேரோடு படுத்துவிடும்.

மழை பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியது. கயிறு நனைந்தது. நான் எம்பிக் கயிற்றுக்கும் பட்டைக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தேன். நேற்று நுழைந்த விரல் இன்று நுழையவில்லை. நனைந்த நார்க்கயிறு இறுகும் என்பது மீன்காரன் வீட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாரையும்விட என் அப்பாவுக்குத் தெரியும்.

"நைனா, நடுக்கடல்ல மழை வந்தா பாய்மரக் கயித்த இன்னா பண்ணுவே?"

அவர் தோளிலிருந்த சுருளைப் பிரிக்கத் தொடங்கினார்.

"சொல்லு நைனா. இன்னா பண்ணுவே?"

"தளத்துவேன்."

"இன்னாத்துக்கு?"

"கயிறு சுண்டிக்கும். தளத்தலைன்னா மரம் ஒடியும்." சொல்லிவிட்டு உடனே கோபம் வந்துவிட்டது அவருக்கு. "அது தோணிடீ. இது கரை. கரையில எவன் கயித்த தளத்துவான்?"

"மழைக்குத் தோணினும் கரைனும் தெரியுமா?"

அவர் கயிற்றைத் தட்டிப் பார்த்தார். வழக்கமாக ஒலிக்கும் கயிறு இப்போது கீச்சென்றது. அப்பாவின் முகம் மாறியது. பாய்மரம் ஒடியும் முன் கயிறு போடும் சத்தம் அவர் காதுக்குப் புதிதில்லை.

"அப்போ அவுத்துடலாமா?" என்றார்.

"வேணாம். கீழ எறக்கு. என் தோள் ஒசரத்துக்கு எறக்கிக் கட்டு. ஒரு கை நொழையிற மாதிரி தொளதொளனு வுடு. ஆடட்டும். ரொம்பப் போச்சுன்னா மட்டும் கயிறு புடிக்கட்டும்."

அவர் போட்ட முடிச்சு, அவர் கையால்தான் அவிழும். ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, தன் முடிச்சைத் தானே அவிழ்த்தார். அவிழ்க்கும்போது என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "உன் தம்பி வரலைன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

நின்று பதில் சொல்ல நேரமில்லை. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். தலை கனத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் கடலிலிருந்து தெரியும் கருப்பு குறையக் கூடாது. கீழே இருந்து ஒரு அம்மா அலறினாள்: "வெட்டாதடி பாவி! எம் புள்ள எதைப் பாத்துக்கினு வருவான்?" அவள் கேட்டது நியாயம்தான். ஒவ்வொரு கிளையையும் பிடிக்கும்போது அந்தக் கேள்வி கையில் கனத்தது. உச்சியைத் தொடவில்லை. கடலைப் பார்த்த ஓரத்தைத் தொடவில்லை. உள்ளே அடைத்துக்கொண்டிருந்த கிளைகளையும், கரைப்பக்கம் தொங்கியவற்றையும் மட்டும் களைந்தேன். காற்று உள்ளே நுழைந்து வெளியேற வழி வேண்டும், அவ்வளவுதான். இன்னும் ஒன்று வெட்டலாமா என்று தோன்றியபோது இறங்கிவிட்டேன். என் கையை எனக்குத் தெரியும், இன்னொரு நாழி மேலே இருந்திருந்தால் மொட்டையடித்திருப்பேன்.

அப்பா பட்டையில் கயிறு உரசாமல் இருக்கப் பழைய வலைத்துண்டை மடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். அதை நான் சொல்லவில்லை. அவராகச் செய்தார்.

பிறகு வாடை வந்தது. அப்படி ஒரு காற்றை அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை. மரம் தெற்கே வளைந்தது, ஐயோ, தரையைத் தொட்டுவிடும் என்று நினைத்தேன். பெண்களெல்லாம் ஒரே குரலில் கத்தினார்கள். கயிறு வெடுக்கென்று பிடித்தது. மரம் திரும்பி வந்தது. மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. எனக்குப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மேட்டில் ஏறினேன், இறங்கினேன், ஏறினேன். யாரோ இரண்டு பேர் இன்னொரு கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் கத்தியை நீட்டிக்கொண்டு குறுக்கே நின்றேன். "கிட்ட வந்தீங்க, கயித்தையும் அறுப்பேன், கையையும் அறுப்பேன்!" அப்பா அவர்களுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

காற்று முற்றுவதற்குள் மற்ற தோணிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்துவிட்டன. வந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் மேட்டிலிருந்து இறங்கி ஓடினாள். கடைசியில் நானும் அப்பாவும் தம்பி பெண்டாட்டியும் மட்டும் நின்றோம். பொழுது சாயும் நேரம். மழைத்திரையில் கடலும் வானமும் ஒன்றாகிவிட்டன. அப்போது ஒரு தோணி தெரிந்தது. கோட்டுக்கு வெளியே, நேராகத் திட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்பா என் தோளைப் பிடித்தார். அவர் விரல் எலும்பில் இறங்கியது. கத்தினாலும் கேட்காத தூரம். நான் மரத்தைப் பார்த்தேன். அது பாட்டுக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. தோணி தயங்கியது. மூக்கைத் திருப்பியது. இன்னும் கொஞ்சம் திரும்பியது. அப்புறம் யாரோ கயிறு போட்டு இழுத்தது போல முகத்துவாரத்துக்கு நடுவே வந்துவிட்டது.

தம்பி கரையில் குதித்ததும் அவன் பெண்டாட்டி அவனை அடித்தாள், அழுதாள், மறுபடி அடித்தாள். அப்பா அவன் தலையைத் தடவிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"திட்டுக்குத்தானே போய்க்கினு இருந்தே? எப்டி திரும்பினே?"

தம்பிக்கு மூச்சு வாங்கியது. "கொடிமரம் ஒசரம், அது தெரிஞ்சுது நைனா. முன்னால மரத்தக் காணோம். கம்பு, குடிசை எல்லாம் ஒரே சாம்பலா இருந்துது, ஒண்ணும் பிரிஞ்சு தெரியல. அப்போ ஒண்ணு மட்டும் ஆடுச்சு. மேட்டு மேல. தெக்கால போவுது, வருது, போவுது, வருது. இதான் நம்ம மரம்னு புடிச்சுக்கினேன். காத்து மூச்சு வுடுறப்பல்லாம் நிமிந்து அதே எடத்துல வந்து நின்னுச்சு. அது நிமிர்ற எடத்துல கொடிமரத்த வெச்சுக்கினு வந்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்தான். "அது சும்மா நின்னிருந்தா நான் பாத்தே இருக்க மாட்டேன், அக்கா."

அப்பா அங்கே நிற்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

காலையில் காற்று ஓய்ந்திருந்தது. மரம் கொஞ்சம் தெற்கே சாய்ந்திருந்தது. ஒரு கயிறு அறுந்திருந்தது. நான் மேட்டுக்கு வந்தபோது அப்பா முன்பே வந்திருந்தார். கயிறு அறுந்த முளையண்டை குந்திக்கொண்டு, புதுக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். முடிச்சுப் போடவில்லை. இரண்டு நுனியையும் கையில் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"எவ்ளோ வுடணும்?" என்றார்.

பாய்மரத்தில் அவரிடம் யோசனை கேட்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் கையைக் கயிற்றுக்குள் நுழைத்துக் காட்டினேன். அவர் என் கையோடு சேர்த்துக் கயிற்றை மடக்கி, மெதுவாக முடிச்சுப் போட்டார். நான் கையை உருவிக்கொண்டபோது கயிறு அந்த அளவுக்கு நின்றது. அழுதுவிட்டேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

மண் ஈரமாக இருக்கும்போதெல்லாம் வடபக்கத்துக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினோம். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் ஒவ்வொரு கயிறாக எடுத்தோம். கடைசிக் கயிற்றை அப்பாதான் அவிழ்த்தார். மேஸ்திரியோ புயல் ஓய்ந்த சில நாளிலேயே காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உச்சியை வெட்டாததற்கு என்னைத் திட்டினார். பிறகு கத்தியை என்னிடமே கொடுத்துவிட்டார், அதற்குப் பிறகு ஒளித்துவைக்கவில்லை.

மேட்டுக்கு வந்துவிட்டோம். தொட்டுப் பாருங்கள். கட்டிப்பிடித்தால் கை எட்டாது இப்போது. தலைக்கு மேலே தண்டைச் சுற்றி ஒரு வடு தெரிகிறதா? அப்பாவின் பழைய கயிறு அது. தள்ளிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள், நாலு பேர் சேர்ந்து தள்ளுங்கள்.

இப்போது முகத்துவாரம் கொஞ்சம் வடக்கே நகர்ந்துவிட்டது. இந்தக் கோடு இனி சரிப்படாது. அதற்காகத்தான் அந்தப் பக்கத்து மேட்டில் புதுக் கன்று வைத்திருக்கிறார்கள், அதற்காகத்தான் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள். அது பெரிதாகும்போது நான் இருக்க மாட்டேன். கடலுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். இப்போது என் தம்பி மகன் போகிறான்.

காலையில் இங்கே வரும்போதே அந்தக் கன்றைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உங்களில் யாரோ கட்டியிருக்கிறீர்கள். நேராகத்தான் நிற்கிறது. யார் கட்டியது என்று கேட்கவில்லை. போய்க் கயிற்றுக்குள் கையை நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையா? அவிழ்த்துக் கட்டுங்கள். அவசரமில்லை, நிதானமாகக் கட்டுங்கள். அதுவரைக்கும் நான் இந்தப் புன்னையடியில் உட்கார்ந்திருக்கிறேன்.